பிரகாசம் குறைத்த மணல்

ஃபிராக் செய்த பிறகும் ஓர் எண்ணெய்க் கிணறு ஏன் சரியாகத் தருவதில்லை என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள். பல சமயம் நான் "தெரியாது" என்பேன். உடனே அவர்கள் முகம் தொங்கிவிடும். இத்தனை வருஷம் கிணறுகளோடு குப்பை கொட்டிய ஆள், ரிடையர் ஆன பிறகும் மழுப்புகிறாரே என்று நினைப்பார்கள். நான் மழுப்பவில்லை. அந்தத் "தெரியாது" என்ற ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பாகூர்ப் பக்கம் ஒரு வயற்காட்டில் அது நடந்தது. கணக்கும் வரைபடமும் உங்கள் பாடப் புத்தகங்களில் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து பாகூர் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே பூமியைத் துளைக்கும் எங்கள் ரிக் நின்றது. ஆழத்தில் எண்ணெய் இருந்தது, வரத்துதான் போதவில்லை. பாறை இறுக்கமான பாறை. அதன் நுண்ணிய துளைகளில் இருந்ததற்கு வெளியே வர வழியில்லை. ஃபிராக் செய்து, அதாவது பாறையில் விரிசல் விட வைத்து, பார்ப்பது என்று முடிவாயிற்று.

தொழிலுக்கு முற்றிலும் புதியவர்களுக்காக ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். கொத்தவரை விதை மாவைத் தண்ணீரில் கரைத்தால் கொழகொழவென்று கூழாகும். அந்தக் கூழில் மணலைக் கலந்து பெரிய பம்புகளால் கிணற்றுக்குள் அழுத்தித் தள்ளினால் பாறை விரிசல் விடும். கூழ் மணலைச் சுமந்துகொண்டு விரிசலுக்குள் போகும். பிறகு கூழ் நீர்த்து வெளியே வந்துவிட வேண்டும். மணல் உள்ளேயே நின்று, விரிசல் மூடிக்கொள்ளாமல் தாங்க வேண்டும். அந்த மணல் வழியேதான் எண்ணெய் வந்து சேரும். கூழ் சீக்கிரம் நீர்த்தாலும் கெடுதல், நீர்க்காமல் உள்ளேயே தங்கினாலும் கெடுதல்.

வில்லியனூரில் மளிகைக் கடைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காவிடம் இதை விளக்கியபோது அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "கொத்தவரங்கா மாவா? அத்தப் போட்டு பெட்ரோல் எடுக்கப் போறீங்களா? இதுக்காடா அப்பா உன்ன அவ்ளோ தூரம் படிக்க வெச்சாரு?" என்று கேட்டாள். மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் என் பெயரே கொத்தவரங்காய் என்றாகிவிட்டது.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை வெளுத்து வாங்கியிருந்தது. சாலைகள் பெயர்ந்து, கிராமங்களில் வாந்திபேதி பயம் பரவியிருந்தது. மழை விட்டு வயல்வெளி கொஞ்சம் உலர்ந்ததும் நாங்கள் வேலையைத் தொடங்கினோம். ரிக் அருகே இருந்த போர் தண்ணீர் துருவாக வந்ததால் எங்கள் கெமிஸ்ட் மாலதி அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாவு கரைக்க வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து டேங்கர் லாரிகளில் தண்ணீர் வந்தது. காலையில் வந்த முதல் லாரித் தண்ணீரில் மாலதி மாவைக் கரைத்துப் பார்த்தார். கூழ் நன்றாகத் திரண்டு நின்றது. ஆரம்பிக்கலாம் என்றார்.

கூழில் மணல் கலக்கும் வண்டியை ஓட்டியவர் பிரகாசம். வில்லியனூர் மாதா கோயில் பக்கம் வீடு. அப்பா அம்மா இருவரும் கூலி வேலைக்குப் போனவர்கள், அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றைக் கையில் வாங்கிய முதல் ஆள் இவர்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தக் கிணறு முடிந்ததும் ஆகிவிடும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த நம்பிக்கையில் அவர் தங்கைக்கு மாப்பிள்ளைகூடப் பார்த்துவிட்டார்கள்.

நான் அழுத்தம் காட்டும் கருவிகள் இருந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். கலவை வண்டி என் கண்ணில் படாத பக்கம் நின்றது. வேலை பாதிக்கு மேல் தாண்டியபோது அழுத்தம் லேசாக ஏறி இறங்கியது. பிறகு சமமாகப் போயிற்று. எல்லாம் முடிந்து பம்புகள் நின்றபோது ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டோம். கிணறும் எங்களை ஏமாற்றவில்லை, முதல் சில நாட்கள். பொங்கிக்கொண்டு வந்தது. ஊர் ஜனம் கட்டுச் சோற்றோடு வரப்பில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு வரத்து இறங்க ஆரம்பித்தது. இறங்கி, இறங்கி, ஃபிராக் செய்வதற்கு முன்னால் தந்ததைவிடக் குறைந்துபோயிற்று.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிணறுகளின் வரத்தை ஆராய்ந்து சொல்வதுதான் என் வேலை, எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். கூழ் நீர்க்காமல் உள்ளே தங்கிவிட்டதோ என்று நினைத்தேன். வெளியே வந்த கூழைப் பார்த்தால் நன்றாக நீர்த்தே வந்திருந்தது. விரிசல் கீழே இருந்த தண்ணீர் அடுக்குக்குள் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்படியானால் எண்ணெயோடு நிறையத் தண்ணீர் வர வேண்டும், அதுவும் வரவில்லை. பாறையில் களிமண் மிகுதியாகி மணல் அதில் புதைந்துபோயிற்றோ? ஒரு பாறைத் துண்டு ஆமாம் என்றது, இன்னொன்று இல்லை என்றது. இந்த மூலையில் இருந்த எண்ணெயே கொஞ்சம்தானோ? அதற்கும் சாட்சி இல்லை. காலையில் ஒரு காரணம் சரியாகப் பட்டது, மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதுவே தப்பாகத் தெரிந்தது.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை. மேலே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. தகரக் கொட்டகைக்குள் எங்களை உட்கார வைத்து ஒவ்வொருவராக விசாரித்தார். பிரகாசத்தின் முறை வந்தபோது, அழுத்தம் ஏறி இறங்கிய அந்த நேரத்தில் யாரையும் கேட்காமல் மணலைக் குறைத்துவிட்டேன் என்று அவரே சொன்னார். கொட்டகைக்குள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இத்தனை நாள் தேடிய பொருள் மேஜைக்கடியில் கிடைத்தது மாதிரி ஒரு நிம்மதி எல்லார் முகத்திலும் தெரிந்தது.

"ஏன் குறைச்சே?" என்றார் அதிகாரி.

"கூழு கொழகொழப்பு போன மாதிரி இருந்துச்சி சார். தண்ணியா ஆச்சின்னா மணலு அடியில ஒக்காந்துடுமேன்னு கொறச்சேன். கை காட்டினேன், யாரும் பாக்கல."

"போன மாதிரி இருந்ததா, போச்சா?"

பிரகாசம் யோசித்தார். "இப்பக் கேட்டா தெரியல சார். அப்ப அப்பிடித் தோணிச்சி."

அவர் வெளியே போனதும் அதிகாரி என்னைப் பார்த்தார். "காலையில கூழ் சரியா இருந்ததுன்னு கெமிஸ்ட் சொல்றாங்க. உங்க ஆள் மணலைக் குறைச்சிருக்கான். கிணறு குறைஞ்சிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"ரெண்டும் நடந்தது சார். அதனாலதான் இதுன்னு எனக்குத் தெரியல" என்றேன்.

"தெரியலைன்னு நான் மேல போய்ச் சொல்ல முடியாதுய்யா. திங்கட்கிழமை வரைக்கும் டைம் தரேன். உங்களுக்கு வேற காரணம் கிடைச்சா சொல்லுங்க. இல்லைன்னா இதுதான்."

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். காரணம் கிடைக்காத இடத்தில் ஆள் கிடைத்துவிடுவான். அவனைப் பிடித்ததும் எல்லோருக்கும் மூளை வேலை செய்வதை நிறுத்திவிடும். எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது. பிரகாசம்தான் காரணம் என்றால் என் குழப்பம் தீர்ந்துவிடும், நிம்மதியாகத் தூங்கலாம் என்று மனசின் ஒரு மூலை சொன்னது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் காரணமாக இருக்கவே முடியாது என்று அடித்துச் சொல்லவும் என்னிடம் எதுவும் இல்லை.

வெளியே டீசல் டிரம் மேல் பிரகாசம் உட்கார்ந்திருந்தார். "இன்னா சார் சொல்றாங்கோ?"

"திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்றாங்க."

"தங்கச்சிக்குப் பரிசம் போட நாள் குறிச்சாச்சி சார். வேல இல்லன்னு தெரிஞ்சா அந்த வூட்டுக்காரங்க வருவாங்களா?" டிரம்மிலிருந்து இறங்கி நின்றார். "நான் குறைக்காம உட்டிருந்தா நல்லா வந்திருக்குமா சார்?"

"தெரியல பிரகாசம்."

"நீங்களே தெரியலன்னா நான் இன்னா பண்றது?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். நியாயமான கோபம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மனசு சரியில்லை. ரசத்தை ஒரு வாய் வைத்ததும் மருந்து வாடை குப்பென்று அடித்தது. முகத்தைச் சுளித்தேன்.

"இன்னாடா மூஞ்சி அப்பிடிப் போவுது? ரசம் நல்லாத்தான் வெச்சேன். தண்ணி அப்பிடி. மழைக்கப்புறம் லாரித் தண்ணிதான் வருது. கொம்யூன் பஞ்சாயத்துல பிளீச்சிங் பவுடரு குடுத்து, அதப் போடாம ஒரு லாரியும் போவக் கூடாதுன்னுட்டாங்க. வாந்திபேதி வராம இருக்கணுமில்ல?"

ரசம் சாதம் கையில் அப்படியே நின்றுவிட்டது. பிளீச்சிங் பவுடர் கொத்தவரைக் கூழின் எதிரி. அளவு மீறிச் சேர்ந்தால் கூழை நீர்க்க வைத்துவிடும், சூட்டில் இன்னும் வேகமாக. பூமிக்குள் அந்த ஆழத்தில் சூட்டுக்கு என்ன குறைச்சல்? "யார் லாரி அக்கா?" என்று கேட்டேன். அவள் சொன்னது எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவருடைய லாரிகளேதான். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன். "டேய் கொத்தவரங்கா, மோருக்கு ஒக்காருடா" என்று அக்கா கத்தினாள். காதில் வாங்காமல் கடைத்தெருப் பக்கம் ஓடினேன்.

அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டுகிற சேகர் சந்தைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் கிணற்றுக்குக் கொண்டுவந்த தண்ணீரில் பவுடர் போட்டீர்களா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

"போடாம இருப்பமா சார்? கூலி ஜனங்க குடிக்கிற தண்ணிக்கே போடறோம். ஆபீசருங்க கேக்கற தண்ணி, அதுக்குப் போடாம உடுவமா? மொத நடைக்கு மட்டும் பவுடரு இல்ல. அப்பால கொம்யூன் ஆபீசுல வாங்கியாந்து தாராளமாப் போட்டோம்."

"எல்லா லாரியிலயும் போட்டீங்களா?"

"அது எப்பிடி சார் ஞாபகம் இருக்கும்? சிலதுல நானும் கிளீனர் பையனும் ரெண்டு பேருமே போட்டிருப்போம், சிலதுல அவன் போட்டிருப்பான்னு நானும், நான் போட்டிருப்பேன்னு அவனும் உட்டிருப்போம்."

"அளவு?"

"அளவு இன்னா அளவு, கையால அள்ளிப் போடறதுதான்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கேம்புக்குப் போய் மாலதியை வரவழைத்தேன். இரண்டு ஜாடிகளில் கூழ் தயார் செய்து, ஒன்றில் ஒரு சிட்டிகை பவுடரைச் சேர்த்து, இரண்டையும் வெந்நீரில் இறக்கி வைத்தோம். பவுடர் போட்டது கொஞ்ச நேரத்தில் கஞ்சித் தண்ணீராக ஓடியது. மற்றது அசையாமல் நின்றது. நான் மாலதியின் கையைப் பிடித்துக் குலுக்காத குறை. அவர் என்னைப் போலத் துள்ளவில்லை.

"குடிதண்ணீர் அளவுக்குப் போட்டிருந்தா இவ்வளவு ஆகாது சார். அள்ளிக் கொட்டியிருந்தா ஆகும். எவ்வளவு கொட்டினாங்கன்னு நமக்குத் தெரியாது. நாம பார்த்தது ஜாடியைத்தான், கிணத்தை இல்ல" என்றார்.

திங்கட்கிழமை கொட்டகையில் அந்த இரண்டு ஜாடிகளையும் அதிகாரிக்கு முன்னால் வைத்தேன். அவர் ஒன்றைச் சாய்த்துப் பார்த்தார், இன்னொன்றைச் சாய்த்துப் பார்த்தார். "அப்ப அந்த லாரிக்காரன்தான்" என்றார் உடனே.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. ஒருவர் மேல் நீட்டிய விரலை எடுத்து இன்னொருவர் மேல் வைக்கவா நான் ஞாயிற்றுக்கிழமைச் சோற்றை விட்டு ஓடினேன்? "அவர் ஊர் ஜனத்துக்கு வாந்திபேதி வராம இருக்க, போடச் சொன்னதைப் போட்டிருக்கார் சார். போடாதேன்னு நாம யாரும் சொல்லல. தண்ணி வேணும்னு மட்டும்தான் சொன்னோம். அதோட, இந்த ஜாடியில நடந்தது பூமிக்குள்ள நடந்துச்சான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. நடந்திருக்கலாம். அவ்வளவுதான். ஆனா கூழ் நீர்த்த மாதிரி இருந்ததுன்னு பிரகாசம் சொன்னதை இனிமே பொய்னு தள்ள முடியாது" என்றேன்.

அதிகாரி ஜாடிகளை ஓரமாகத் தள்ளி வைத்தார். கொம்யூன் போட்ட மருந்தால் எங்கள் கிணறு கெட்டது என்று மேலே சொன்னால் அரசாங்கத்தோடு வம்பு என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கடைசியில் தண்ணீரின் தரம் சரியில்லை என்று பொதுவாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். யார் பெயரும் அதில் வரவில்லை. நல்ல தண்ணீர் வைத்து இன்னொரு தடவை ஃபிராக் செய்யவும் அனுமதி வாங்கிக் கொடுத்தார். அந்தக் கோடைக்குள் பிரகாசத்தின் வேலை நிரந்தரமாயிற்று. தங்கையின் கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் உங்களுக்கு முன்னால் மார்தட்டிக்கொண்டு நின்றிருப்பேன். முடியவில்லை.

இரண்டாவது ஃபிராக்கின்போது ஒவ்வொரு லாரித் தண்ணீரையும் மாலதி தனித்தனியாகச் சோதித்தார். கூழ் கடைசி வரை அப்படியே நின்றது. கலவை வண்டியில் பிரகாசமே நின்றார், திட்டப்படி போக வேண்டிய மணல் முழுவதும் போயிற்று. நான் வண்டியை விட்டு இறங்கி அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இதைவிட ஒழுங்காக ஒரு வேலையைச் செய்ய முடியாது. கிணறு சில நாட்கள் பொங்கியது. பிறகு இறங்கியது. போன தடவை எங்கே வந்து நின்றதோ, ஏறக்குறைய அங்கேயே வந்து நின்றது.

அன்று வரத்தைப் பார்த்துவிட்டு நான் வரப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். பிரகாசம் வந்து பக்கத்தில் நின்றார். அவருக்கு என்னைவிட அதிகமாக முகம் செத்திருந்தது.

"அப்ப பவுடரு இல்லியா சார்?"

"இல்லாம இருக்கலாம்."

"அப்ப நான்தானா?"

"நீ இந்தத் தடவை குறைக்கவே இல்லையேப்பா. அப்பவும் இறங்கிடுச்சே. பாறையே அப்படியோ என்னமோ. உள்ள இருந்ததே கொஞ்சமோ என்னமோ."

"மொதத் தடவ நான் கெடுத்து வெச்சதாலதான் ரெண்டாவது வெளங்கலன்னா?"

அப்படியும் இருக்கலாம். பவுடர் முதல் தடவையே கெடுத்து வைத்ததால் இருக்கலாம். இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். ஒரே கிணற்றை உடைக்காத பழைய நிலைக்குக் கொண்டுபோய் மறுபடி ஆரம்பித்துப் பார்க்க முடியாது. இந்தத் தொழிலில் என்னை எப்போதும் படுத்துவது அதுதான்.

"என்னக் காப்பாத்துன காரணமே பொய்யாப் பூட்ச்சே சார். வேலய மட்டும் வெச்சிக்கினு இருக்கறேன்" என்றார்.

"பொய்னும் தெரியலப்பா. உன்னைத் தப்புன்னு சொல்ல அப்பவும் யார்கிட்டயும் எதுவும் இல்ல, இப்பவும் இல்ல. அதுக்குத்தான் வேலை. பவுடருக்காக இல்ல" என்றேன். அவருக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை. பிறகு ரிக் வேறு இடத்துக்குப் போயிற்று, கிணற்றை மூடினார்கள், வயலில் மறுபடி நட்டார்கள்.

பிரகாசம் அதற்குப் பிறகு எத்தனையோ கிணறுகளில் வேலை பார்த்தார். சந்தேகம் வந்தால் மணலைக் குறைப்பார், ஆனால் குறைப்பதற்கு முன் நாலு பேரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கூழைக் காட்டிவிடுவார். நானும் மாறினேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கொண்டுவருகிறவர் அதில் என்ன செய்கிறார் என்று போய்க் கேட்காமல் ஒரு வேலையும் ஆரம்பித்ததில்லை. நீங்களும் போய்க் கேளுங்கள். நல்ல மனசோடு உங்களுக்கு யார் என்ன செய்து வைத்திருப்பார்கள் என்று தெரியாது. அப்படிக் கேட்ட பிறகும் கிணறு குறைந்தால், தெரியாது என்று சொல்லத் தைரியம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒருவர் பெயர் வந்து உட்கார்ந்துவிடும்.

நாங்கள் இருவருமே ரிடையர் ஆகி வெகுநாளாகிவிட்டது. பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் அவர் எனக்குப் போன் செய்வார். பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி என்று எல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில் கேட்பார். போன கிறிஸ்துமசுக்கும் கேட்டார்.

"சார், அந்தப் பாகூர் கெணறு... எதனாலன்னு தெரிஞ்சிதா?"

"இல்ல பிரகாசம். இன்னும் தெரியல."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"செரி சார். அப்ப இன்னி வரைக்கும் நான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.